நிர்வாக ஒதுக்கீடு: நம் நாட்டில் பெயரின்றி வாழ்ந்த ஒன்று



தமிழ்நாட்டுச் செய்திகளைத் தொடர்ந்து பார்க்கும் பெற்றோர் சிலர், எஸ்.பி.எம். முடிவுகள் வரும் காலத்தில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “அங்கே மேனேஜ்மெண்ட் கோட்டா என்கிறார்களே, சார், நம் நாட்டிலும் அப்படி ஏதும் இருக்கிறதா?” இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அப்பெயரில் நம் நாட்டில் எதுவும் இல்லைதான். ஆனால், அவ்விடை முழு உண்மையாகாது. ஏன் ஆகாது என்பதற்கு ஐம்பது அறுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கோலா கெத்தில் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்கும் அவ்வரலாற்றில் பங்குண்டு.

முதலில் அச்சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் தனியார் தொழிற்கல்லூரி ஒன்றின் இடங்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு பகுதியை அரசு தன் கலந்தாய்வின்வழி மதிப்பெண், இட ஒதுக்கீடு ஆகியவற்றின் அடிப்படையில் நிரப்பும். மறுபகுதியைக் கல்லூரி நிர்வாகம் நிரப்பும். சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரிகளில் நெடுங்காலமாக அரசுக்கு 65 விழுக்காடு, நிர்வாகத்திற்கு 35 விழுக்காடு. சிறுபான்மையினர் கல்லூரிகளில் சரிபாதி. நிர்வாகத்தின் பங்கில் கட்டணம் கூடுதல். அதற்கும் மேலாக இரசீது இல்லாமல் கைமாறும் ‘நன்கொடை’யைப் பற்றி ஊரே அறியும். அதைத் தடுக்க 1992-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. சட்டம் வந்ததும் வழக்கம் ஒழிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள்!

இம்முறை முளைவிட்ட இடங்களுள் முதன்மையானது கர்நாடகக் கடற்கரையை ஒட்டிய மணிப்பால். டாக்டர் டி.எம்.ஏ. பை 1953-இல் அங்குக் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அரசின் பணத்தை எதிர்பாராமல், மாணவர்கள் செலுத்தும் தொகையைக் கொண்டே கல்லூரியைக் கட்டி நடத்துவது அவர் கண்ட வழி. அந்நாளில் அது புதுமை. பலருக்குக் கண்டனத்திற்குரிய புதுமை. மணிப்பால் என்னும் பெயர் நம் மலேசியத் தமிழரிடையே எத்தனை பழக்கமானது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்துத் தனியார் கிளினிக்குகளின் பெயர்ப்பலகைகளில் மருத்துவர் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் அவ்வூரின் பெயரைக் கண்டே நாம் வளர்ந்தோம்.

நம் பிள்ளைகள் ஏன் கடல்கடந்து மணிப்பால் வரை சென்றார்கள்? விடை 1971-இல் இருக்கிறது. 1969 மே கலவரத்தைத் தொடர்ந்து புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1971-இல் அரசியலமைப்பின் 153-ஆவது விதியில் 8ஏ என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. உயர்கல்விக்கூடங்களில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு இடம் ஒதுக்கச் செய்யும் அதிகாரம் அதன்வழி வந்தது. (அதே 1971-இல்தான் இலங்கையிலும் ‘தரப்படுத்தல்’ தொடங்கி யாழ்ப்பாணத்து மாணவர்களின் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கியது. இரண்டும் ஒன்றல்ல, எனினும் ஒரே ஆண்டில் இரு நாட்டுத் தமிழ்ப் பெற்றோரும் ஒரே கவலையில் ஆழ்ந்தனர்.) 1980களின் தொடக்கத்தில் நாட்டில் இருந்தவையே மூன்று மருத்துவப் புலங்கள்: மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம். இருந்த இடங்களோ குறைவு. அந்தக் குறைந்த இடங்களில் நமக்குக் கிட்டக்கூடியவை அதனினும் குறைவு.

ஆக, பணமுள்ளோர் வெளிநாட்டில் இடம் தேடினர். இந்தியக் கல்லூரிகளுக்கு அவர்கள் வெளிநாட்டு மாணவர்கள். உள்ளூர் மாணவரைவிட உயர்ந்த கட்டணம் செலுத்துவோர். பெயர் எதுவாயினும், அவர்கள் பெற்றது நிர்வாகம் விலைவைத்த இடம்தான்.

அப்படிச் சென்றவர் எவர்? இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாட்டின் மருத்துவர்களில் இந்தியர் பங்கு நம் மக்கள்தொகைப் பங்கைவிடப் பெரிது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அப்பெருமையில் பொய்யில்லை. ஆனால், அவர்களின் பெற்றோர் பெரும்பாலும் ஆசிரியர்கள், அரசாங்க எழுத்தர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள், வணிகர்கள், தோட்டத்துப் பெரிய கிராணிமார்கள். பத்து பெக்காக்காவிலோ பாடனோக்கிலோ விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன தாயின் பிள்ளைக்கு மணிப்பால் என்பது செவிவழிச் செய்தி மட்டுமே. ஒதுக்கீடு என்னும் கதவு நம் இனம் முழுமைக்கும் குறுகியது. பணம் என்னும் பக்கவாசலோ நம்முள் சிலருக்கு மட்டுமே திறந்தது. நாம் முதலாவதைப் பற்றி ஓயாமல் பேசினோம். இரண்டாவதைப் பற்றிப் பேசவே இல்லை.

இந்தியாவில் பேசினார்கள், நீதிமன்றம் வரை சென்று பேசினார்கள். 1992-இல் மோகினி ஜெயின் வழக்கு. கர்நாடகத்தில் அரசு இடத்தில் சேர்ந்தவருக்கு ஆண்டுக் கட்டணம் 2,000 ரூபாய். அரசு இடம் பெறாத கர்நாடக மாணவருக்கு 25,000. வெளிமாநிலத்தவருக்கு 60,000 வரை. கல்வி மனிதரின் உரிமை, அதை இப்படி விற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டே உன்னிகிருஷ்ணன் வழக்கில், பாதி இடங்கள் தகுதியின்படி அரசுக் கட்டணத்தில், மீதிப் பாதி கூடிய கட்டணத்தில் என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. கல்லூரிகள் விடவில்லை. 2002 அக்டோபர் 31-இல் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து அத்திட்டத்தைக் கலைத்தனர். தனியார் கல்லூரிக்குத் தன்னாட்சி உண்டு, ஆனால் கொள்ளை இலாபமும் கட்டாய நன்கொடையும் கூடா என்றனர். அவ்வழக்கின் பெயர் என்ன தெரியுமா? டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கு! நம் பிள்ளைகள் தேடிச்சென்ற மணிப்பாலின் நிறுவனர் பெயரே சட்டநூலில் ஏறிவிட்டது. பின்னர் 2005-இல் இனாம்தார் வழக்கில், வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடம் 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. கட்டணத்தை நிர்ணயிக்க, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் மாநிலந்தோறும் குழுக்கள் அமைந்தன.

குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால், தனியார் கல்லூரியின் இடம் எவருக்கு, எவ்விலைக்கு, யார் முடிவில் என்னும் கேள்வி அங்குப் பொதுக்கேள்வி ஆயிற்று.

நம் நாட்டிற்கு வருவோம். 1992-இல் கோலாலம்பூரில் முதல் தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1996-இல் தனியார் உயர்கல்விக்கூடச் சட்டம் இயற்றப்பட்டது. 1997-இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி தோன்றியது; முதற்பகுதிப் படிப்பு இந்தியாவில், பிற்பகுதி மலாக்காவில். அதே ஆண்டு உயர்கல்விக் கடனுதவிக்கான பி.டி.பி.டி.என். சட்டமும் வந்தது. இவை எவற்றிலும், தனியார் கல்லூரி தன் இடங்களில் ஒரு பங்கை அரசுக் கட்டணத்தில் பொதுவுக்குத் தர வேண்டும் என்னும் விதி இல்லை. குறைந்தபட்சக் கல்வித் தகுதியை அதிகாரத் தரப்பு வகுக்கும். அதற்குமேல் சேர்க்கை கல்லூரியின் பொறுப்பு. அதாவது, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 35 நிர்வாக இடம் என்றால், நம் தனியார் கல்லூரிகளில் நூற்றுக்கு நூறும் நிர்வாக இடமே! முழுவதும் ஒன்றாக இருப்பதால்தான் அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: இங்குக் கட்டணம் வெளிப்படையாக அச்சிடப்பட்டு வருகிறது, இரசீதும் உண்டு.

இனி நம் கெடாவின் கதை. ம.இ.கா.வின் கல்விக்கரமான எம்.ஐ.இ.டி. 1984-இல் நிறுவப்பட்டது. சமுதாயத்திடம் நிதி திரட்டி மாணவர்களுக்குக் கடனுதவி வழங்கியது. சீனச் சமூகத்திற்கு ம.சீ.ச.வின் முயற்சியில் 1969-இலேயே துங்கு அப்துல் ரஹ்மான் கல்லூரி எழுந்துவிட்டது; 2002-இல் அதே பெயரில் பல்கலைக்கழகமும் வந்தது. நமக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் ஏக்கத்தை டத்தோ ஸ்ரீ ச. சாமிவேலு தம் கையிலெடுத்தார். 2001-இல் ஏய்ம்ஸ்ட் சுங்கை பட்டாணியில் தற்காலிக வளாகத்தில் பிறந்தது. பின்னர் பீடோங்கை அடுத்த செமிலிங்கில் எழுந்த நிரந்தர வளாகத்திற்கு மாறியது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல் எனத் தொழிற்படிப்புகள் வந்தன. கட்சி அரசியலில் எனக்கு ஆர்வமில்லை; ஆயினும் ஒன்றைச் சொல்லத் தயங்கமாட்டேன். தோட்டங்கள் சூழ்ந்த கோலா மூடா மாவட்டத்தில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் எழுந்தது சிறிய சாதனையன்று. பிள்ளையை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெற்றோருக்கு, வார இறுதியில் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கும் தொலைவில் கல்லூரி கிடைத்தது.

தொலைவு குறைந்தது. விலை குறைந்ததா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று நம் நாட்டுத் தனியார் கல்லூரிகளில் மருத்துவப் படிப்பை முடிக்கப் பொதுவாக மூன்று இலட்சம் வெள்ளிக்கு மேல் ஆகிறது. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, ஆண்டுக்கு 20,400. ஒரு காசும் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும், மூன்று இலட்சத்திற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு உழைப்பு வேண்டும். கல்விக் கடன் ஒரு பகுதியைத்தான் தாங்கும். எஞ்சியதற்குச் சேமநிதியின் இரண்டாம் கணக்கு (2024 மே முதல் அதன் பெயர் செஜாத்ரா கணக்கு), வீட்டு நகை, நிலமிருந்தால் நிலம். முதுமைக்கென வைத்த பணம் பிள்ளையின் முதலாம் ஆண்டிலேயே கரைந்துபோன குடும்பங்களை நானறிவேன். குறைந்த செலவைத் தேடி உக்ரேனின் கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றவர்களில் நம்மவர் ஏராளம். 2005-இல் அப்பட்டத்திற்கான அங்கீகாரத்தை மலேசியா மீட்டுக்கொண்டபோது எழுந்த கூக்குரலை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. மருத்துவ மாணவர் நோயாளியின் படுக்கையருகேதான் மருத்துவம் கற்க முடியும். ஏய்ம்ஸ்ட் மாணவர்கள் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் அரசு மருத்துவமனையில் பயில்கின்றனர். நாட்டின் பிற தனியார் மருத்துவக் கல்லூரிகள் பலவும் அவ்வாறே அரசு மருத்துவமனைகளைச் சார்ந்துள்ளன. அங்குப் படுத்திருப்போர் யார்? நம் தோட்டத்து முதியவர்கள், கம்பத்து மலாய்க்காரர்கள், சிறுதொழில் செய்யும் சீனர்கள். மருத்துவமனை பொதுப்பணத்தில் கட்டப்பட்டது. நோயாளி தன் உடலையே பாடநூலாகத் தருகிறார். அப்படியிருக்க, அந்த நோயாளியின் பேரப்பிள்ளைக்கு அரசுக் கட்டணத்தில் சில இடங்களேனும் தர வேண்டும் என்று சட்டம் கேட்டிருக்கலாமே! 1996-இல் சட்டம் வந்தபோது நம் தலைவர்களோ, சங்கங்களோ, ஆசிரியர்களாகிய நாமோ இதை உரக்கக் கேட்டதாக என் நினைவில் இல்லை. உபகாரச் சம்பளங்கள் வழங்கப்படுகின்றன, நன்றியுடன் ஏற்கிறோம். ஆனால், உபகாரச் சம்பளம் கொடுப்பவரின் மனம். ஒதுக்கீடு பெறுபவரின் உரிமை.

பொதுவழியிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 2002-இல் தகுதி முறை என்னும் பெயரில் பல்கலைக்கழக ஒதுக்கீடு நீக்கப்பட்டது. ஆனால் மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். என்னும் இருவேறு தேர்வுகள் ஒரே தராசில் வைக்கப்பட்டன. மெட்ரிகுலேஷனில் 90க்கு 10 என்னும் விகிதம் நிலைத்தது. 2018-இல் இந்திய மாணவர்க்கு 2,200 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ அல்லது அதற்குமேல் பெற்ற எவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று அரசு அறிவித்தது. மறுபுறம், சில அரசுப் பல்கலைக்கழகங்களே ‘சாலுரான் தெர்புக்கா’ என்னும் திறந்த வழியில் கூடிய கட்டணத்திற்கு மாணவர்களைச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டுக்காரர் எவரேனும் இதைப் பார்த்தால் ஒரு கணமும் யோசிக்காமல் பெயர் சொல்லிவிடுவார்.

இத்தனை பாடுபட்டு வாங்கிய பட்டத்தின் மதிப்பும் மாறியிருக்கிறது. மருத்துவப் படிப்புகள் பெருகிவிட்டன என்று 2011-இல் புதிய படிப்புகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். 2021 ஜூலை 26-இல் அவர்கள் நாடு முழுவதும் கருப்புடையில் பணிவிட்டு வெளியே வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் கண்டோம்.

எனவே, ஐந்தாம் படிவப் பெற்றோர் கல்விக் கண்காட்சியில் கையேட்டைப் பெறும்போது முதலாண்டுக் கட்டணத்தோடு நின்றுவிட வேண்டாம். ஐந்தாண்டு மொத்தத் தொகை எவ்வளவு, கடன் எத்தனை விழுக்காட்டைத் தாங்கும், உபகாரச் சம்பளம் இரண்டாம் ஆண்டிலும் தொடருமா, எந்த மருத்துவமனையில் பயிற்சி, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பனவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெட்ரிகுலேஷன் விண்ணப்பத்தையும் ஆறாம் படிவ வாய்ப்பையும் கைவிடாமல் வைத்திருங்கள். நம் மாநிலத்து மெட்ரிகுலேஷன் கல்லூரி சங்லூனில் இருக்கிறது.