போர்க்களத்தில் பிறந்த சொல்

‘அரேஞ்ச்’ என்ற ஆங்கில வினைச்சொல் சாதுவானது. நூல்களை அடுக்கி வைப்பதும், கூட்டத்துக்கு மண்டபம் பிடிப்பதும், பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணமும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் அதன் பிறப்பிடம் போர்க்களம்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. வீரர்களைப் போருக்கு வரிசையாக நிறுத்துதல் என்பதே அன்று அதன் பொருள். வரிசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லுக்கும் அடியில், வட்டத்தைக் குறித்த ஜெர்மானிய வேர் ஒன்று இருப்பதாக மொழியறிஞர் கொள்வர். அவ்வகையில் மாணவரின் ‘ரேங்க்’கும் விரலிலுள்ள ‘ரிங்’கும் இதற்கு உறவுச் சொற்கள்.

நெடுங்காலம் அருகியே வழங்கிய இச்சொல், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பொருள்களை ஒழுங்குபடுத்துதல் என்ற பொதுப்பொருளில் பரவியது. 19ஆம் நூற்றாண்டில், ஓர் இசைப்படைப்பை வேறு கருவிகளுக்கேற்ப அமைப்பதையும் குறித்தது.

தமிழில் ‘அணி’ என்பதும் படைவரிசையையும் அணிகலனையும் செய்யுளின் அழகையும் ஒருங்கே குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது.

எனினும் படைவரிசையில் தன் இடத்தை வீரன் தானே தேர்ந்துகொள்வதில்லை. நிறுத்துபவர் ஒருவர்; நிற்பவர் பலர். நூல்களை அடுக்கும்போது இதனால் தொல்லையில்லை. மனிதரைக் குறித்து அதே வினையை ஆளும்போது வினைமுதல் யார் என்று கேட்டாக வேண்டும். ‘பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி’ என்று நம் திருமண அழைப்பிதழ்கள் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. ‘அரேஞ்ச்டு மேரேஜ்’ என்னும் தொடரிலோ நிறுத்தியவர் மறைந்துவிடுகிறார். நிற்பவர் மட்டுமே தெரிகிறார்கள்.