மருந்தின் விலையும் பிபிலே கொள்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து மருந்தளிப்பவன் என நான்கு கூறாக வகுத்தார். மருந்தை விற்பவனுக்கு அவ்வகுப்பில் இடமில்லை. ஆயின், இன்று கடும் பிணியாளர் ஒருவரின் வாழ்வைத் தீர்மானிப்பதில் அந்த ஐந்தாமவனுக்கும் பெரும் பங்குண்டு. கண்டித் தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கும் கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை முதலிய இடங்களிலிருந்து வரும் நோயாளர் மருத்துவரைக் காண்பதற்குப் பணம் செலுத்துவதில்லை. எனினும், அரச வைத்தியசாலையொன்றில் மருந்து கையிருப்பில் இல்லாதவிடத்து, வெளியில் வாங்குமாறு ஒரு துண்டு எழுதித் தரப்படுகின்றது. இலவச மருத்துவம் அத்துண்டோடு முடிந்துவிடுகின்றது. நாட்கூலியில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற்குப் புற்றுநோய் மருந்தின் விலை தாங்கொணாச் சுமையாகும். இச்சிக்கலுக்கு அரை நூற்றாண்டின் முன் இந்நாடு கண்ட தீர்வையும், அது நிலைக்காது போனமைக்கான காரணத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தீர்வை வகுத்தவர் நமது பல்கலைக்கழகத்திற்கு அந்நியரல்லர். 1920 இல் பிறந்த செனக பிபிலே, கண்டி திரித்துவக் கல்லூரியிற் கற்று, மருந்தியற் பேராசிரியராக உயர்ந்து, 1967 இல் பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியானவர். மருந்தைப் பற்றிக் கற்பிப்பதோடு அவர் அமையவில்லை. அம்மருந்து எங்கிருந்து, எவ்விலைக்கு, யாருடைய விருப்பின்படி நாட்டினுள் வருகின்றது என்னும் வினாவையும் எழுப்பினார்.

1971 இல் அவரும் இடதுசாரித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இலங்கையின் மருந்து முகாமை பற்றிய அறிக்கையை அரசிடம் அளித்தனர். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் இறக்குமதியாவதும், பெயருக்கேற்ப விலை ஏறுவதும், மருத்துவர்கள் புதிய மருந்துகள் பற்றிய செய்தியை நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளிடமிருந்தே பெறுவதும் அக்காலத்து வழக்கமாயிருந்தன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கடுமையாயிருந்த அவ்வேளையில் இவ்வழக்கம் நாட்டுக்குக் கட்டுபடியாகவில்லை.

அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார். அவரது கொள்கை நான்கு தூண்களின்மேல் நின்றது எனலாம். முதலாவது, தேவையான மருந்துகளை மட்டும் தெரிவுசெய்தல். இதனால் ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகளின் பட்டியல் 600 அளவாகக் குறைக்கப்பட்டது. இரண்டாவது, உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாகக் கொள்வனவு செய்தல். மூன்றாவது, வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரை வழங்குதல். நான்காவது, மருத்துவர்க்குப் பக்கச்சார்பற்ற தகவலை அளித்தல்.

இக்கொள்கை எதிர்ப்பின்றி நடைபெறவில்லை. மலிந்த மருந்தின் தரம் பற்றி மருத்துவருள் ஒரு சாரார் ஐயுற்றனர். அவ்வையத்தை முற்றாகப் புறக்கணித்தல் தகாது. தரப் பரிசோதனை இல்லாத மலிவு நோயாளிக்குக் கேடே விளைக்கும். ஆயினும் எல்லா எதிர்ப்பும் தரத்தின் பொருட்டு எழுந்ததன்று. 1974 இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் கொள்வனவு செய்திருந்த மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்கிளின் குளிசைகளை ஆக்கித்தர இங்கிருந்த அமெரிக்க நிறுவனமொன்று இணங்கவில்லை. அந்நிறுவனத்தைப் பொறுப்பேற்க அரசு எண்ணியவேளை அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார், அவ்வெண்ணம் கைவிடப்பட்டது.

1976 இல் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு இத்தகைய மருந்துக் கொள்கையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1977 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில், ஐக்கிய நாடுகளின் பணியில் கயானா சென்றிருந்த பிபிலே அங்கு காலமானார். அவ்வாண்டிலேயே ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் புகுத்தப்பட, கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையும் அற்றுப்போயிற்று. 1982 இல் வங்காளதேசம் ஒத்த கொள்கையொன்றை மேற்கொண்டபோது, அதற்கு வழிகாட்டிய நாடு அதனைக் கைவிட்டிருந்தது.

தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைக்கும் சட்டம் 2015 இலேயே நிறைவேறியது. 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. மக்கள் அதனை வரவேற்றனர். ஆனால் 2022 இல் டொலர் அருகி, மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அதன் பெறுமதி மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியபோது அந்த உச்ச விலை நிலைபெறவில்லை. மார்ச்சில் 29 வீதமும், ஏப்ரல் இறுதியில் 60 வகை மருந்துகளுக்கு 40 வீதமும் விலையுயர்வு அனுமதிக்கப்பட்டது. மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்னரே திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகள் மார்ச் இறுதியில் இடைநிறுத்தப்பட்டன. பிபிலே பீடாதிபதியாயிருந்த பீடத்தின் மாணவர் பயிலும் வைத்தியசாலையிலேயே இது நிகழ்ந்தமை சிந்தனைக்குரியது.

இவ்விரு காலங்களையும் ஒப்புநோக்கின் ஓருண்மை புலனாகும். 2016 இன் நடவடிக்கை மருந்தின் பயணத்தில் இறுதிக் கட்டமாகிய கடையில் விலையைத் தடுக்க முயன்றது. பிபிலேயின் கொள்கையோ தொடக்கத்தில், அதாவது எதனை, எவரிடமிருந்து, எப்பெயரால் வாங்குவது என்னுமிடத்தில், விலையை ஆண்டது. டொலர் இல்லாத நாட்டில் பிபிலே கொள்கையும் மருந்தைத் தோற்றுவித்திராது என்பது மெய்யே. ஆயினும் இருக்கும் சிறுதொகையைக் கொண்டு எந்த உயிர்காக்கும் மருந்தை முதலில் வாங்குவது என்பதை அது முன்கூட்டியே வரையறுத்திருக்கும்.

அக்கொள்கையின் குறை அதன் சிந்தனையில் இருக்கவில்லை. ஒரு மனிதரின் உழைப்பிலும் ஓர் அரசின் விருப்பிலும் மட்டுமே அது தங்கியிருந்தமையே குறையாகும். இரண்டும் 1977 இல் நீங்கின, கொள்கையும் வீழ்ந்தது. ஆட்சி மாறினும் மாறாத சட்டமும், அதனைக் காக்கும் கற்றோர் சமூகமும் இருந்திருப்பின் நிலைமை வேறாயிருந்திருக்கும். மருந்துத் துண்டைக் கையிலேந்தி விலை கேட்டுக் கடை கடையாக அலையும் நோயாளியின் உறவினர்க்கு இவ்வரலாறு தெரியாதிருக்கலாம். பேராதனையிற் கற்கும் நாம் அதனை அறியாதிருத்தல் தகாது.