கேள்வி கேட்பது யார்?

எங்க அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றின் லைன் வீட்டில் வாழ்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்து அம்மா வீடு திரும்பியதும், "ஏ புள்ள, இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க? எனக்கும் சொல்லு" என்பாராம். அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து அம்மா சின்னக் குறிப்பிடத்தை ஒப்பிப்பார். அம்மாயி கூடவே சொல்லிப் பழகுவார். அங்கே மகள்தான் வாத்தியார்.

இது எங்க வீட்டு வேடிக்கைன்னுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிரான்சிஸ் சவேரியார் 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தைப் படித்தபோதுதான் இது எவ்வளவு பழைய ஏற்பாடு என்று புரிந்தது. முத்துக்குளித்துறையில் அவர் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தார். கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா, அம்மா, அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள் என்று அவர்களையே அனுப்பினார்.

அவருக்குப் பின் அந்தக் கரையில் உழைத்த அண்டிரிக்கு அடிகளார் 1578ல் கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சிட்டார். அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. இதன் மூலம், மார்க்கோஸ் ஜோர்ஜ் பிள்ளைகளுக்காகவே உரையாடலாக எழுதிய போர்த்துகீசிய நூல். அதில் ஆசிரியர் கேட்பார், மாணவன் பதில் சொல்வான்.

லூத்தரும் 1529ல் தன் சிறிய ஞானோபதேசத்தைக் குடும்பத் தலைவர்கள் வீட்டில் சொல்லிக் கொடுப்பதற்காகத்தான் எழுதினார். 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். அதிலும் கேள்வி பெரியவருடையது. பதில் தயாராக இருக்கும்.

ஒரு சுவாரசியம் பாருங்க. மார்க்கோஸ் ஜோர்ஜின் அதே நூல் ஜப்பானுக்குப் போய் 1590களில் அச்சானபோது தலைகீழாக மாறியது. அங்கே மாணவன் கேட்கிறான், ஆசிரியர் பதில் சொல்கிறார்!

ஏற்காட்டில் 1894ல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917ல் மான்ட்போர்ட் பள்ளி வந்தன. விடுதியில் பிள்ளையை விட்டுவிட்டு மலை இறங்கும் பெற்றோருக்கு, பாடமெல்லாம் பள்ளியின் பொறுப்பு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று அறிவித்தது. சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

போன வருஷம் பதினைந்து வயசு மகள் மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்து கேட்டாள்: "கடவுள் நல்லவர்னா, அம்மாயி ஏம்ப்பா அவ்வளவு வேதனைப்பட்டு செத்தாங்க?" அவள் அம்மாயி என்றது என் மாமியாரை. நான் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பதிலை அப்படியே ஒப்பித்தேன். "இது புக்குல இருக்கறதுதானே" என்று எழுந்து போய்விட்டாள். அப்புறம் ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்போதுதான் அந்த லைன் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. அங்கே பேச்சு நடந்ததற்குக் காரணம், என் அம்மாயிக்குப் பதில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. அடுத்த ஞாயிறு மகளிடம் சொன்னேன்: "அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியலம்மா. நீ என்ன நினைக்கிற?"

அன்று இரவு பத்து மணிவரை பேசினோம். பதில் கிடைக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வகுப்பு முடிந்து வந்ததும் கேள்வியோடு அவளே என்னைத் தேடி வருகிறாள்.