ஏழு நாளும் ஆறேகால் நாளும்

ஃப்ளூ காய்ச்சலோடு ஒருவர் மருத்துவரிடம் செல்கிறார். மருத்துவர் ஒசெல்டாமிவிர் என்னும் மருந்தை எழுதித் தருகிறார். "டாக்டர், இதைச் சாப்பிட்டால் எனக்கு என்ன நன்மை? சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்?" என்று நோயாளி கேட்கிறார். இந்த எளிய கேள்விக்கு எண்களில் நேர்மையான விடை கிடைக்க, மருந்து கடைக்கு வந்தபின் பதினைந்து ஆண்டுகள் ஆயின என்றால் நம்புவீர்களா?

இயற்பியல் வாத்தியாருக்கு மருந்துக் கடையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கதை எக்ஸ் கதிரில்தான் தொடங்குகிறது! ஃப்ளூ வைரஸ் நம் மூச்சுக்குழாய் செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. புதிதாகப் பிறந்த வைரஸ்கள் வெளியேறும்போது, செல்லின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தில் பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பிணைப்பை வெட்டிவிடும் கத்தரிக்கோல் ஒன்று வைரஸிடமே இருக்கிறது. நியூராமினிடேஸ் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவில் கான்பெராவைச் சேர்ந்த கிரீம் லேவர் அதைப் படிகமாக்கினார். மெல்போர்னில் பீட்டர் கோல்மன் குழுவினர் அப்படிகத்தின்மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் விதத்தைக் கொண்டு அதன் வடிவத்தைக் கண்டறிந்து 1983-இல் வெளியிட்டனர். வைரஸ் ஆண்டுக்காண்டு வேடம் மாற்றினாலும், கத்தரியின் வாயாகிய ஒரு பள்ளம் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. அந்தப் பள்ளத்தை அடைத்துவிட்டால்?

அப்படிப் பிறந்தவையே உறிஞ்சும் பொடியான ஜனாமிவிரும், விழுங்கும் மருந்தான ஒசெல்டாமிவிரும். இரண்டும் 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஒசெல்டாமிவிர் செய்வதற்கு மூலப்பொருளாகிய ஷிகிமிக் அமிலம், நாம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. (பிரியாணி சாப்பிட்டால் ஃப்ளூ போய்விடும் என்று யாரும் கிளம்ப வேண்டாம்!)

ஒன்றைக் கவனியுங்கள். இம்மருந்து புதிய வைரஸ்கள் பரவுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பரவியவற்றைத் திரும்பப் பிடித்து வராது. ஆகவேதான் காய்ச்சல் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். மருந்து நிறுவனமான ரோச் பணம் கொடுத்து நடத்திய 10 சோதனைகளைத் தொகுத்து 2003-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை 59 சதவீதம் குறைகிறது என்றது அது. கேட்டவுடன் மலைப்பாக இருக்கிறதல்லவா? அதே கணக்கை வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் 1.7 சதவீதத்தினர் மருத்துவமனையில் சேர்ந்தனர். மருந்து உண்டவர்களில் 0.7 சதவீதத்தினர். அதாவது 1000 பேரில் 17 பேருக்குப் பதிலாக 7 பேர். மீதி 983 பேர் மருந்து இல்லாமலே வீட்டில் தேறியிருப்பார்கள். இரண்டு கூற்றும் ஒரே கணக்குத்தான். ஆனால் நோயாளியின் காதில் விழும்போது இரண்டும் ஒன்றா? என் மாணவர்களிடம், எதில் எத்தனை சதவீதம் என்று சொல்லாத சதவீதத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பேன்.

அந்தக் கணக்காவது சரியா? பறவைக் காய்ச்சல் பயத்தில் அரசுகள் மருந்தை மலையாகக் குவித்தன. பிரிட்டன் மட்டும் இந்த ஒரு மருந்துக்கு 42.4 கோடி பவுண்டு செலவிட்டது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவிய நேரத்தில், கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் ஒரு சிறு ஐயத்தை எழுப்பினார். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் கோக்ரேன் அமைப்பும் அந்த 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையை நம்பியிருந்தது. "அதிலுள்ள 10 சோதனைகளில் இரண்டுதானே முழுமையாக வெளியாகியிருக்கின்றன? மற்ற எட்டும் எங்கே?" என்பதே அவர் கேள்வி.

கோக்ரேன் குழுவின் டாம் ஜெஃபர்சனும் தோழர்களும் முழு அறிக்கைகளைக் கேட்டார்கள். 2009 டிசம்பரில் தருவதாக நிறுவனம் சொன்னது. எல்லாம் வந்து சேர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளிடமிருந்து கிடைத்தவற்றையும் சேர்த்து, 1,60,000 பக்கங்களுக்கு மேல் படித்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவ இதழ் உடன் நின்றது. 2014 ஏப்ரலில் முடிவு வெளிவந்தது.

பெரியவர்களுக்கு நோய்க்குறிகள் தணியும் காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது. மிச்சமாவது ஏறத்தாழ 17 மணி நேரம். மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. மருந்து உண்ணும் 28 பேரில் ஒருவருக்குக் கூடுதலாகக் குமட்டலும், 22 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வாந்தியும் வருகின்றன. மருந்து உண்ட சிறுவர்கள் சிலர் தாறுமாறாக நடந்துகொண்டதால் ஜப்பான் 2007-இல் 10 முதல் 19 வயதினருக்கு இதைக் கட்டுப்படுத்தியதும் உண்டு. அத்தடை 2018-இல் நீக்கப்பட்டது.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். இச்சோதனைகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் மற்றபடி உடல்நலம் உள்ளவர்கள். மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடப்போரைப் பற்றியோ, கர்ப்பிணிகளைப் பற்றியோ இவ்வெண்கள் பேசவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் கடுமையான ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் கொடுக்கலாம் என்றும், கடுமையற்றதற்கு வேண்டாம் என்றும், இரண்டையும் உறுதிக் குறைவுடனேயே சொன்னது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமோ மருத்துவமனை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகள், முதியோர், ஆஸ்துமாக்காரர்களுக்கும் விரைந்து கொடுக்கும்படி பரிந்துரைத்து வந்திருக்கிறது.

ஆகவே நம் நோயாளி இருபது வயது மாணவர் என்றால், மருத்துவர் அவரிடம் 17 மணி நேரத்தையும் வாந்தியையும் சொல்லி, "எது வேண்டும்?" என்று கேட்கலாம். நாளை மறுநாள் பரீட்சை இருந்தால் அவர் ஒரு விடை சொல்வார். விடுமுறையாக இருந்தால் வேறு விடை. அடுத்துக் காத்திருப்பவர் ஏழு மாதக் கர்ப்பிணி, நேற்று மாலைதான் காய்ச்சல் தொடங்கியது என்றால், மருத்துவர் வேறொரு கணக்கைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதில் எந்த எண் இன்னும் அளக்கப்படவில்லை என்பதையும் சேர்த்து.