குழந்தைகளின் பிறந்தநாளுக்கு பேக்கரி கேக்கா, வீட்டு கேக்கா? எதையெல்லாம் கவனிக்கணும்?

வாட்ஸ்அப்பில் அழைப்பு போயாச்சு, பலூனும் வாங்கியாச்சு. மிச்சம் இருப்பது கேக் மட்டும்தான். பக்கத்து பேக்கரியில் ஆர்டர் கொடுத்துவிடலாமா, இல்லை இந்த முறை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா? இப்படி யோசிக்க ஆரம்பித்ததுமே, 'வீட்டுல செஞ்சா ஆரோக்கியம், கடையில வாங்கினா கெடுதல்' என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அது எந்த அளவுக்கு உண்மை? பார்க்கலாம்.

சர்க்கரையில் பெரிய வித்தியாசம் இல்லை

வீடுகளில் பரவலாகச் செய்யும் முட்டையில்லாத தயிர் கேக்கை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை கப் மைதா, ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, கொஞ்சம் வெனிலா எசன்ஸ். இதில் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 150 கிராம். வெந்து வரும் கேக் 600 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அப்படியானால் 60 கிராம் துண்டு ஒன்றில் 14, 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூனுக்கும் மேல். மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்.

நம்ம ஊரில் பெரிதாகக் கொண்டாடப்படுவது முதல் பிறந்தநாள். ஆனால் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைக் கொடுக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கேக்கை வெட்ட வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆளுக்கு ஒரு வாய் என்று சொந்தக்காரர்கள் வரிசையாக ஊட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. சர்க்கரைக்குப் பதிலாக தேன் சேர்க்கிறோம் என்று ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா அந்த வயதில் ஆபத்தாக முடியலாம்.

உண்மையான வித்தியாசம் எங்கே?

க்ரீமிலும் கலரிலும்தான். பேக்கரிகள் அதிகம் பயன்படுத்துவது பாலில் இருந்து எடுத்த க்ரீம் அல்ல, தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீம். வெயிலுக்கு ஓரளவு தாங்கும், பூ, பொம்மை என்று வடிவமும் நிற்கும், விலையும் குறைவு. இப்படிப்பட்ட கொழுப்புகளில் இருந்த பெரிய கவலை டிரான்ஸ் ஃபேட். அதற்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீதம்தான் உச்சவரம்பு என்று இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கட்டுப்படுத்திவிட்டது. 90-களில் நாம் சாப்பிட்ட, ரோஸ் கலர் பூ வைத்த கெட்டி க்ரீம் கேக்கோடு ஒப்பிட்டால் நிலைமை தேவலாம். ஆனாலும் இதில் செறிவூட்டப்பட்ட கொழுப்பும் சர்க்கரையும் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

கலர் விஷயம் கொஞ்சம் சீரியஸ். டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின் போன்ற செயற்கை நிறங்களை கேக்கில் சேர்க்க நம் நாட்டில் அனுமதி உண்டு, அளவு வரம்புக்குள் மட்டும். 2024-ல் கர்நாடக உணவு பாதுகாப்புத் துறை 235 கேக் மாதிரிகளைச் சோதித்ததில் 12 மாதிரிகள் பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. காரணம் செயற்கை நிறங்கள். ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் போன்ற வகைகளின் பெயர் அப்போது அதிகம் அடிபட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததே, அதற்குக் காரணமான ரோடமின் பி உணவில் சேர்க்க அனுமதியே இல்லாத சாயம். 12 போக மீதி 223 மாதிரிகளில் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லா பேக்கரியையும் சந்தேகப்படத் தேவையில்லை. ஆனால் அடர் நீலம், அடர் சிவப்பு, குழந்தையின் நாக்கே கலர் மாறும் அளவுக்கு என்றால், அந்த டிசைன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆர்டர் கொடுக்கும்போதே 'கலர் கம்மியா, வெள்ளை க்ரீம் அல்லது சாக்லேட் மட்டும்' என்று கேட்டால் செய்து தருவார்கள்.

வீட்டில் செய்வதாக இருந்தால்...

ஓவன் இல்லை என்று கவலை வேண்டாம். குக்கரில் கேஸ்கட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்ட் வைத்து 10 நிமிடம் சூடாக்கிவிட்டு, கேக் பாத்திரத்தை உள்ளே வைத்தால் சிறுதீயில் 40 முதல் 50 நிமிடத்தில் வெந்துவிடும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

சிக்கல் வருவது க்ரீமில்தான். கடைகளில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் க்ரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் பொங்காது, குறைந்தது 30 சதவீதம் கொழுப்பாவது வேண்டும். பாத்திரம், க்ரீம் எல்லாமே ஜில்லென்று இருக்கணும். மே மாதத்தில் ஃபேனுக்கு அடியில் நின்று அடித்தால் மோர் மாதிரி ஆகிவிடும். முதல் முறை செய்பவர்கள் விழா நாளில் பரிசோதனை செய்யாமல், ஒரு வாரம் முன்பே ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. க்ரீமே வேண்டாம் என்றால் சாக்லேட்டை உருக்கி மேலே ஊற்றினாலும் போதும், பிள்ளைகள் ஒன்றும் குறை சொல்லப்போவதில்லை.

பத்து குழந்தைகள் வரை என்றால் வீட்டு கேக் தாராளம். 60 கிராம் துண்டு போட்டால் ஒரு கிலோவுக்கு சுமார் 16 பேர். முப்பது பேர் வந்தால் 2 கிலோ வேண்டும், அதைக் குக்கரில் செய்வது மூன்று முறை அடுப்படியில் நிற்கும் வேலை. அதற்கு பேக்கரியே மேல். கேக்குக்கான ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் 18-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கு. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர்கள் இப்போது ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உணவு பாதுகாப்புப் பதிவு கட்டாயம், 14 இலக்க எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். என்ன க்ரீம், என்ன கலர், என்றைக்குச் செய்தது என்பதை நேரடியாக விசாரிக்க முடிவது இங்கே கூடுதல் வசதி.

எங்கே வாங்கினாலும், எப்படிச் செய்தாலும் விருந்தினர்களின் பெற்றோரிடம் முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: முட்டை சாப்பிடுவார்களா, வேர்க்கடலை, முந்திரி, பால் ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஒரு சின்னத் துண்டே பிரச்சினையாகலாம். 'எக்லெஸ்' கேக் என்றாலும் அதே டின், அதே கரண்டியில்தான் செய்திருப்பார்கள் என்பதால் அலர்ஜி உள்ளவர்களுக்கு அது மட்டும் உத்தரவாதம் ஆகாது. மேலே தூவும் கெட்டியான வெள்ளி உருண்டைகளையும் முழு நட்ஸையும் சின்னக் குழந்தைகளின் துண்டில் இருந்து எடுத்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும்.

கடைசியாக, நேரம். ஆறு மணி என்று அழைப்பில் போட்டிருப்போம், மாமா வரட்டும், அத்தை வரட்டும் என்று எட்டு மணிக்குத்தான் வெட்டுவோம். க்ரீம் கேக் ஃபிரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். எல்லோரும் வந்த பிறகு வெளியே எடுத்தால் போதும். கடையில் வாங்கிய கேக்கில் புளித்த வாடை, பூஞ்சை ஏதாவது தெரிந்தால் பில்லோடு போட்டோ எடுத்து, தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம்.