தியத்தலாவ வழியா ஒரு துப்பாக்கிக் கதை

'ரி-56 ரக துப்பாக்கியுடன் ஒருவர் கைது'. இந்தச் செய்தியை வாசிக்காதவங்க இலங்கையில இருக்க மாட்டாங்க. அந்த 56 என்னன்னு கேட்டா பலர் முழிப்பாங்க. அது 1956. சோவியத் ஏகே-47ஐ அப்படியே பார்த்துச் சீனா செய்த துப்பாக்கிக்கு வைத்த வருஷப் பெயர். இங்கே தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். ரெண்டுக்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

நம்ம நாட்டுக் காலாட்படையின் பிரதான துப்பாக்கி எப்பவுமே கப்பலில்தான் வந்தது. அந்தக் கதை நமுனுகுல மலைக்குத் தென்மேற்கே, தியத்தலாவையைத் தொட்டுப் போகுது. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களைப் பிரித்தானியர் அங்கேதான் அடைத்து வைத்தார்கள். போயர்கள் ஜெர்மனியிலிருந்து வாங்கிய மவுசர் துப்பாக்கியில் ஐந்து குண்டுகளை ஒரே தள்ளலில் ஏற்றலாம். பிரித்தானியச் சிப்பாய் ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டிருந்தான். அந்த அடி வாங்கிய பிறகுதான் தங்கள் லீ-என்பீல்டைத் திருத்தினார்கள். 1949இல் பிறந்த இலங்கை இராணுவத்தின் கைக்கு வந்தது அந்த வம்சத்து .303 தான். இராணுவப் பயிற்சி நிலையம் அமைந்ததும் அதே தியத்தலாவையில்!

.303இல் பத்துக் குண்டு. ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ளணும். அணிவகுப்புக்கு அது போதும்.

1971 ஏப்ரல் 5 விடிகாலை வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. ஜே.வி.பி. கிளர்ச்சியின் முதல் தாக்குதல் நம்ம ஊவாவில்தான் நடந்தது. மற்ற இடங்களுக்குக் குறித்திருந்த நேரம் அன்றிரவு. வெல்லவாய முந்திக்கொண்டதால் அரசு விழித்துக்கொண்டது. இளைஞர்களிடம் இருந்தது வேட்டைத் துப்பாக்கியும் கையால் செய்த குண்டும். அதற்கே சின்ன இராணுவம் திணறியது. சிறிமாவோ கேட்டதும் பிரித்தானியா, சோவியத், இந்தியா, பாகிஸ்தான் எல்லாரும் உதவினார்கள். அந்தக் கடைசி இரண்டும் அதே டிசம்பரில் ஒன்றோடொன்று போர் செய்தன, பாருங்க.

அதற்குப் பிறகுதான் சீனத் துப்பாக்கி மெல்ல மெல்ல .303இன் இடத்தைப் பிடித்தது. விலை குறைவு, முப்பது குண்டு, பழக்குவதும் சுலபம். எண்பதுகளின் போரில் மேற்கு நாடுகள் ஆயுதம் விற்கத் தயங்கியபோது சீனா தயங்கவில்லை. ரி-56 வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது அப்படித்தான்.

ஆயுதங்களைப் பற்றி எழுதுறவங்க குண்டின் விட்டம் வரைக்கும் சொல்வாங்க, காசு எங்கிருந்து வந்ததுன்னு சொல்ல மாட்டாங்க. 1970இல் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலை. வெளிநாட்டில் அரிசி வாங்கினாலும் மருந்து வாங்கினாலும் ஆயுதம் வாங்கினாலும், அந்தச் செலாவணியில் பசறையிலும் நமுனுகுலவிலும் கிள்ளிய கொழுந்து இருந்தது. கிள்ளியவர்களில் பெரும்பாலானோருக்கு 1948 சட்டத்தால் குடியுரிமை இல்லை. கிளர்ச்சி செய்தவர்களின் வகுப்புகளிலோ அவர்கள் 'இந்திய விஸ்தரிப்புவாதத்தின்' ஆட்கள். ரெண்டு பக்கத்துத் துப்பாக்கிக்கும் அவர்கள் அந்நியர்.

1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பெயர் விழுந்தவர்கள் மலையிலிருந்து ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கிக்கொண்டிருந்த காலமும் அதுதான்.