ஆமைக் குஞ்சும் கோழிப் பண்ணை அளவுகோலும்

நாமக்கல் வட்டாரத்தில் ‘வளர்ச்சி’ என்ற சொல்லின் பொருளைக் கோழிப் பண்ணைகளே தீர்மானித்துவிட்டன. கறிக்கோழி 40 நாளை ஒட்டி இரண்டு கிலோவைத் தொடுகிறது. தின்ற தீவனத்துக்கு ஏறிய எடை எவ்வளவு என்று பார்த்தே நம் கண் பழகியிருக்கிறது. அதே கண்ணோடு நட்சத்திர ஆமைக் குஞ்சைப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் பொரிந்து வரும் அக்குஞ்சு, ஆணானால் 6 முதல் 8, பெண்ணானால் 8 முதல் 12 ஆண்டுகளில்தான் பருவமடைகிறது.

இயல்பான மெது வளர்ச்சி வேறு, அறைக்குள் அடைபட்டதால் வரும் வளர்ச்சித் தடை வேறு. முன்னதை நோயென்று மயங்கித் தீவனத்தைக் கூட்டுகிறவர், பின்னதைக் காணத் தவறுகிறார் என்பதே என் வாதம்.

தடையின் முதற் காரணம் வெளிச்சம். தோலில் டி3 உயிர்ச்சத்து உருவாக, 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா பி கதிர்கள் வேண்டும். சேலத்து வெயிலில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சன்னல் கண்ணாடி அவற்றை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. சன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் கிடக்கும் குஞ்சுக்குக் கிடைப்பது சூடு மட்டுமே. டி3 குறைந்தால் குடல் சுண்ணாம்புச்சத்தைப் போதிய அளவு உறிஞ்சாது. மாதங்கள் கடந்தும் ஓடு இறுகாமல் விரலுக்கு அமுங்கும். கால்கள் உடலைத் தூக்கத் திணறும். வெள்ளரியும் தக்காளியும் இதை ஈடுகட்டா. பாலக்கீரையின் ஆக்சலேட்டோ இருக்கும் சுண்ணாம்பையும் கட்டிப்போடும். அருகம்புல்லும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலும் குஞ்சுக்கேற்ற உணவு.

இரண்டாவது காரணம் ஈரப்பதம். ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக் குஞ்சுகளை ஆராய்ந்து வீஸ்னர், இபென் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஓடு கூம்பு கூம்பாகப் புடைப்பதற்குப் புரதத்தைவிட வறண்ட காற்றே பெருங்காரணம் என்று காட்டியது. நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே ஓட்டில் மேடுகள் உண்டு. ஆகவே எது இயல்பு, எது கேடு என்று பிரிப்பது எளிதன்று. சித்திரை, வைகாசி வெக்கையில் புதரடியில் பதுங்கி மழைக்காலத்தில் மேயும் உயிர் இது. மின்விசிறியும் ஏசியும் ஓடும் டைல்ஸ் அறையில் அதற்குப் பதுங்க ஈர மண் ஏது? கோடையில் எடை ஏறாததைக் கண்டு பதறுவதைவிட, ஈரமான ஒரு மூலையும் ஆழமற்ற வெதுவெதுப்பான நீரும் தருவது பயன் தரும்.

இவை எவருக்கான குறிப்புகள் என்ற கேள்வி எழும். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அதை முதல் அட்டவணையில் சேர்த்தது. 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் அதைத் தன் முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. ஆகவே இவை கடத்தலிலிருந்து மீட்ட குஞ்சுகளைத் தேற்றும் வனத்துறையினருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் உரியவை. 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கும் நாமக்கல்லில், கோழிக்கு எடை அட்டவணை எழுதும் அதே பழக்கம் இங்கே உதவும்: மாதம் ஒருமுறை கிராமில் எடை, மில்லிமீட்டரில் ஓட்டின் நீளம், பருவக் குறிப்பு.

வீட்டில் வளர்த்தவர் மனம் மாறி, ஆமையை அருகிலுள்ள கரட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதும் தீர்வாகாது. வடமேற்கு இந்தியா, தென்னிந்தியா, இலங்கை ஆகிய பகுதிகளின் ஆமைகள் மரபணுவில் வேறுபடுகின்றன. வீட்டில் இருந்தது எங்கிருந்து வந்ததென்று பார்வையால் சொல்ல முடியாது. குஞ்சு கையிலிருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.